யுபிக்விட்டின்: எந்தப் புரதம் போகவேண்டும் என்று யார் முடிவு செய்வது?

நாம் சாப்பிட்ட பருப்பும் முட்டையும் குடலில் செரிக்கும்போது, அவற்றின் புரதத்தை உடைப்பதற்கென்று உடல் தனியாக ஆற்றல் எதையும் போடவேண்டியதில்லை. சரியான நொதி இருந்தால் போதும், புரதம் அமினோ அமிலங்களாக உதிர்ந்துவிடும். வேதியியல் கணக்கில் அது ஆற்றலை வெளியே விடும் வினை.

1953-இல் மெல்வின் சிம்ப்சன் என்ற ஆய்வாளர் எலியின் கல்லீரல் துண்டுகளை வைத்துப் பார்த்தபோது இந்தக் கணக்கு உதைத்தது. செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தடுத்தால், செல்லுக்குள் நடக்கும் புரத உடைப்பும் சேர்ந்து நின்றது. குடலில் இலவசமாக நடக்கிற வேலைக்குச் செல்லுக்குள் மட்டும் எதற்குக் கூலி? இதற்குப் பதில் கிடைக்கக் கால் நூற்றாண்டு ஆனது.

தாமதத்துக்கு ஒரு காரணம், பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று பலரும் நினைத்ததுதான். 1950-களில் லைசோசோம் கண்டுபிடிக்கப்பட்டது. அமிலமும் செரிமான நொதிகளும் நிரம்பிய சின்னப் பை அது. செல்லின் கழிவெல்லாம் அதற்குள் போய்ச் செரிகிறது என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைக்கும் ஒரு பையால் விளக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. செல்லில் ஒவ்வொரு புரதத்துக்கும் ஆயுள் வேறு. புற்றுநோயைத் தடுக்கும் பி53 சாதாரண நிலையில் சில பத்து நிமிடங்களில் அழிகிறது. ஹீமோகுளோபின் சிவப்பணுவோடு நாலு மாதம் இருக்கிறது. கண் வில்லையில் உள்ள கிரிஸ்டலின் புரதம் பிறந்தது முதல் சாகும்வரை அப்படியே கிடக்கிறது. அப்படியானால் யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இஸ்ரேலின் ஹைஃபா நகரில், டெக்னியான் நிறுவனத்தில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஆரோன் சிகனோவரும் இந்த 'யாரோ'வைத் தேடினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது முயலின் இளம் சிவப்பணு. அதில் லைசோசோம் கிடையாது, ஆனாலும் கெட்டுப்போன புரதத்தை அது ஆற்றல் செலவழித்து உடைக்கிறது என்று ஆல்ஃபிரட் கோல்ட்பெர்க்கின் ஆய்வுக்குழு 1977-இல் காட்டியிருந்தது. சிக்கல் என்னவென்றால், அந்தச் செல்லைப் பிழிந்தால் வருவது பெரும்பாலும் ஹீமோகுளோபின். அதை ஒதுக்குவதற்காகச் சாற்றை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். பிரித்ததும் உடைக்கும் வேலையே நின்றுபோனது. இரண்டு பங்கையும் மறுபடி சேர்த்தால் வேலை நடந்தது. ஆக, வேண்டாமென்று தள்ளிவைத்த ஹீமோகுளோபின் பங்கில்தான் ஏதோ ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது.

அதைப் பிரித்தெடுக்க அவர்கள் கையாண்ட வழி ஆய்வகத்தில் பொதுவாக யாரும் செய்யத் துணியாதது. சாற்றைச் சுடவைத்தார்கள், 90 டிகிரிக்கு. ஹீமோகுளோபின் முழுக்கத் திரிந்து சேறுபோல அடியில் உட்கார்ந்தது. புரதம் என்றால் சூட்டில் கெட்டுப்போகும் என்பது அரிச்சுவடி. ஆனால் மேலே தெளிந்து நின்ற நீரில் அந்த வேலை செய்யும் பொருள் கெடாமல் இருந்தது, அதுவும் ஒரு புரதமாகவே இருந்தது. நொதியை ஊக்குவிக்கும் துணைப் பொருளாக இருக்கும் என்று நினைத்து, கதிரியக்க அயோடினால் அடையாளமிட்டு, அது எந்த நொதியோடு போய்ச் சேருகிறது என்று பார்த்தார்கள். அது போய் ஒட்டியது உடைக்கப்படவேண்டிய புரதத்தின் மேலேயே. அதுவும் லேசான ஒட்டு இல்லை, காரத்தில் போட்டாலும் பிரியாத உறுதியான வேதிப் பிணைப்பு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இர்வின் ரோஸின் ஆய்வகத்தோடு சேர்ந்து இதை 1980-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில், இந்தப் பொருள் 1975-இல் கிடியன் கோல்ட்ஸ்டைன் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்து, என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் விட்டிருந்த யுபிக்விட்டின்தான் என்பதும் தெரியவந்தது.

ஹெர்ஷ்கோ, சிகனோவர், ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. சோதனைக் குழாயில் பார்த்ததை உயிருள்ள செல்லில் நிரூபித்துக் காட்டிய அலெக்சாண்டர் வர்ஷாவ்ஸ்கியை விட்டுவிட்டது எனக்கு இன்றைக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பிரித்துத் தரக்கூடாது என்ற விதி அறிவியல் நடக்கும் விதத்தோடு ஒத்துப்போகாத ஒன்று.

யுபிக்விட்டின் 76 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட குட்டிப் புரதம். ஈஸ்ட்டில் இருப்பதற்கும் மனிதனிடம் இருப்பதற்கும் மூன்றே மூன்று அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். நூறு கோடி ஆண்டு பரிணாமத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே மாறவில்லை. மாற்றம் எதையும் பொறுத்துக்கொள்ள முடியாத வேலையில் இருக்கிறது என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஒட்டும் வேலை மூன்று கை மாறி நடக்கிறது. முதலில் இ1 என்ற நொதி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து யுபிக்விட்டினைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. சிம்ப்சன் பார்த்த ஆற்றல் செலவில் முதல் தவணை இங்கே போகிறது. அப்புறம் இ2 அதை வாங்கிக்கொள்கிறது. கடைசியில் இ3, குறிப்பிட்ட ஒரு புரதத்தையும் இ2-வையும் பக்கத்தில் கொண்டுவந்து, யுபிக்விட்டினின் வால் நுனியை அந்தப் புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் ஒன்றோடு சேர்க்கிறது. மனித உடலில் இ1 இரண்டு, இ2 நாற்பதுக்குப் பக்கத்தில், இ3 அறுநூறுக்கு மேல். இந்த எண்களைப் பார்த்தாலே அதிகாரம் எங்கே இருக்கிறது என்று புரியும். எந்தப் புரதம் போகவேண்டும் என்பதை முடிவு செய்வது இ3. ஒட்டியதைக் கழற்றி எடுக்கும் நொதிகளும் நூறு போல உண்டு, ஆக முடிவைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது.

ஒரு யுபிக்விட்டினின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று சங்கிலியாக ஒட்டியதும், அந்தப் புரதத்தை புரோட்டியாசோம் பிடித்துக்கொள்கிறது. ஏழேழு துண்டுகளாக நான்கு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய பீப்பாய் அது. வெட்டும் இடங்கள் எல்லாம் உட்பக்கம். வாசல் குறுகலானது, மடங்கிய நிலையில் உள்ள புரதம் நுழையவே முடியாது. வாசலில் உள்ள மூடி, சங்கிலியை அடையாளம் கண்டு, யுபிக்விட்டினைக் கழற்றி மறுபயன்பாட்டுக்கு அனுப்பிவிட்டு, புரதத்தைப் பிரித்து நூலாக்கி உள்ளே தள்ளுகிறது. இதற்கும் ஏடிபி வேண்டும். கூலி எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில். உடைப்பது இன்றைக்கும் இலவசம்தான். செல் கூலி கொடுப்பது ஆள் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கும், தேர்ந்தெடுக்காததைத் தொடாமல் விடுவதற்கும்.

இந்த அளவோடு நிறுத்தினால் யுபிக்விட்டின் என்பது மரண ஓலை என்றாகிவிடும். பாடப்புத்தகங்களும் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகின்றன. நம்மூர் நெடுஞ்சாலை மரங்களை நினைத்துப் பாருங்கள். சாலையை அகலப்படுத்த வெட்டப்போகும் மரத்திலும் பெயிண்டில் எண் எழுதியிருக்கும், சும்மா கணக்கெடுத்த மரத்திலும் எழுதியிருக்கும், இரவில் வண்டிக்காரர் கண்ணில் படவேண்டும் என்று வெள்ளைப் பட்டை அடித்த மரமும் இருக்கும். பெயிண்டைப் பார்த்ததும் வெட்டத்தான் போகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. யுபிக்விட்டினிலும் அப்படித்தான். அதன் உடம்பில் ஏழு லைசின்கள் இருக்கின்றன. அடுத்த யுபிக்விட்டின் எந்த லைசினில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்துச் சங்கிலியின் வடிவமும் பொருளும் மாறும். 48-ஆவது லைசின் வழியாகச் சங்கிலி வளர்ந்தால் புரோட்டியாசோமுக்குப் போ என்று அர்த்தம். 1989-இல் இதைக் கண்டுபிடித்ததும் வர்ஷாவ்ஸ்கியின் ஆய்வகம்தான். 63-ஆவது வழியாக வளர்ந்தால் பெரும்பாலும் அழிவோடு சம்பந்தமில்லை. டிஎன்ஏ பழுதுபார்ப்பு, அழற்சிச் சைகை மாதிரியான வேலைகளுக்கு ஆள் கூப்பிடும் மேடை அது. ஒற்றை யுபிக்விட்டின் மட்டும் ஒட்டினால் வேறு பொருள். டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களில் அப்படி ஒட்டி மரபணுவை அடக்கிவைப்பது ஒரு உதாரணம்.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது பிசிஎன்ஏ என்ற வளையப் புரதம். டிஎன்ஏ படி எடுக்கும் நொதி வழுக்கி விழாமல் இழையோடு பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. புற ஊதாக் கதிர் பட்டு டிஎன்ஏவில் ஓரிடம் கெட்டிருக்கிறது, படி எடுக்கும் நொதி அங்கே வந்து முட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிசிஎன்ஏவின் 164-ஆவது லைசினில் ஒரே ஒரு யுபிக்விட்டின் ஒட்டினால், கெட்ட இடத்தைத் தாண்டிப்போகத் தெரிந்த வேறொரு நொதி வந்து உட்காரும். தாண்டிவிடும், ஆனால் தப்பும் தவறுமாக எழுதவும் வாய்ப்புண்டு. அதே லைசினில் 63-ஆவது வழிச் சங்கிலி வளர்ந்தால், செல் பக்கத்தில் புதிதாக எழுதப்பட்ட இழையைப் பார்த்துப் பிழையில்லாமல் எழுதிக்கொள்கிறது. ஈஸ்ட்டில் அதே இடத்தில் யுபிக்விட்டினுக்குப் பதிலாக அதன் பங்காளியான சூமோ என்ற இன்னொரு குட்டிப் புரதம் ஒட்டுகிறது, அப்போது டிஎன்ஏ இழைகள் தேவையில்லாமல் ஒன்றோடொன்று இடம் மாற்றிக்கொள்வது தடுக்கப்படுகிறது. ஜெர்மனியில் ஸ்டெஃபான் யென்ட்ஷின் குழு ஒரே லைசினில் இந்த மூன்று விதமான ஒட்டும் நடப்பதை 2002-இல் காட்டியது. ஒரு புரதம், ஒரே இடம், மூன்று தீர்ப்பு. பிசிஎன்ஏ எதிலும் அழிவதே இல்லை.

சரி, அழிக்கும் பக்கத்துக்கே திரும்புவோம், ஏனென்றால் அங்கேயும் நாம் நினைப்பதைவிட நுட்பம் அதிகம். செல் பிரிவதை எடுத்துக்கொள்ளுங்கள். 1982 கோடையில் டிம் ஹன்ட், அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிலையத்தில் கடல் முள்ளெலியின் முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புரதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது, முட்டை பிரியும் நேரத்தில் பட்டென்று காணாமல் போகிறது, மறுபடி சேர்கிறது. அதுதான் சைக்ளின். அதைக் காணாமல் போகச் செய்வது யுபிக்விட்டின்தான் என்பது 1991-இல் தெளிவானது. செல் ஏன் இதை அழிக்கவேண்டும், பாஸ்பேட் ஒன்றை ஒட்டி அணைத்து வைக்கலாமே என்று கேட்கலாம். பாஸ்பேட்டை ஒட்டலாம், கழற்றலாம், மறுபடி ஒட்டலாம். அழித்துவிட்டால் புதிதாகத் தயாரித்தால்தான் உண்டு. இரட்டித்த குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் விலகத் தொடங்கியபின் பாதியில் மனம் மாறினால் செல் பிழைக்காது. அதனால்தான் திரும்பிவர முடியாத இடங்களில் செல் அழிப்பைப் பயன்படுத்துகிறது.

முடிவு இ3 கையில் இருக்கிறது என்றால், இ3-ஐ வளைத்துப் பிடித்தவன் செல்லையே பிடித்த மாதிரி. வைரஸ்களுக்கு இது நம் ஆய்வாளர்களுக்கு முன்பே தெரியும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸின் இ6 என்ற புரதம் (பெயரில் இ இருந்தாலும் மேலே சொன்ன வரிசையில் சேராதது) நம் செல்லின் ஒரு இ3-ஐப் பிடித்து, அது வழக்கமாகத் தொடாத பி53 பக்கம் திருப்பிவிடுகிறது. பல புற்றுநோய்களில் பி53-இன் மரபணுவே சிதைந்திருக்கும். இங்கே மரபணு நன்றாகத்தான் இருக்கும், புரதமும் தயாராகும், தயாரானதும் புரோட்டியாசோமுக்குப் போய்விடும். இந்தியப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து அதிகம் வருவது இந்தப் புற்றுநோய்தான். தடுப்பூசி இருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

தாவரங்கள் இதே வேலையை இன்னும் நேர்த்தியாகச் செய்கின்றன. ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் எப்படிச் செடியை உயரமாக்குகிறது? செல்லில் டெல்லா என்று ஒரு புரதம் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. ஜிப்ரெலின் வந்தால் அதன் ஏற்பிப் புரதம் டெல்லாவோடு சேர்கிறது, சேர்ந்ததை இ3 பார்க்கிறது, டெல்லா ஒழிகிறது, செடி வளர்கிறது. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையில் நடந்தது என்ன என்று 1999-இல் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து வந்த அந்த மரபணுவில், ஏற்பி வந்து பிடிக்கவேண்டிய பகுதி டெல்லாவில் இல்லாமல் போயிருந்தது. ஹார்மோன் எவ்வளவு வந்தாலும் டெல்லா அசையாது, செடி குட்டையாகவே இருக்கும், உரம் போட்டுக் கதிர் கனத்தாலும் சாயாது. ஐஆர்8 நெல்லில் நடந்தது வேறு. அதில் டெல்லா சரியாகத்தான் இருக்கிறது, ஜிப்ரெலின் தயாரிக்கும் நொதி ஒன்று பழுது. ஹார்மோன் குறைவு, அதனால் டெல்லா மிச்சம், அதனால் குட்டை. கோதுமை, நெல் இரண்டிலும் விளைச்சலைக் கூட்டியது ஒரு புரதம் நேரத்துக்கு அழியாமல் போனதுதான். அந்த ரகங்களை உருவாக்கிய யாருக்கும் அன்றைக்கு யுபிக்விட்டின் என்ற பெயர்கூடத் தெரிந்திருக்க வழியில்லை.

ஆக்சின் என்ற இன்னொரு தாவர ஹார்மோன் இதற்கும் ஒரு படி மேலே. 2005-இல் அதன் ஏற்பியைத் தேடிப் போனவர்கள், ஏற்பியே ஒரு இ3-இன் பகுதி என்று கண்டார்கள். இ3-க்கும் அழியவேண்டிய புரதத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியில் ஆக்சின் உட்கார்ந்து இரண்டையும் ஒட்டவைக்கிறது. சின்ன மூலக்கூறு ஒன்று இ3-இன் தேர்வை மாற்றிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. மனிதன் இதையே தெரியாமல் செய்து பார்த்த கதைதான் தாலிடோமைடு.

1957-இல் மேற்கு ஜெர்மனியில் பாதுகாப்பான தூக்க மருந்து என்று விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் கொடுத்தார்கள். கை கால் வளராமல் பிறந்த குழந்தைகள் பத்தாயிரத்துக்கு மேல். 1961-இல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். ஏன் அப்படி ஆனது என்று கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு யாருக்கும் தெரியாது. இதற்கிடையில் தொழுநோயாளிகளுக்கு வரும் வலிமிகுந்த ஒருவகை எதிர்வினைக்கு அது நன்றாகக் கேட்கிறது என்று 1960-களிலும், மல்டிபிள் மையலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயைக் கட்டுப்படுத்துகிறது என்று 1990-களின் கடைசியிலும் தெரியவந்தது. மருந்து வேலை செய்கிறது, எப்படி என்று மட்டும் தெரியாது.

2010-இல் டோக்கியோவில் ஹிரோஷி ஹண்டாவின் குழு, காந்த மணிகளில் தாலிடோமைடை ஒட்டி, செல் சாற்றில் போட்டு, எது வந்து மாட்டுகிறது என்று தூண்டில் போட்டது. மாட்டியது செரிப்ளான், ஒரு இ3-இன் பகுதி. தாலிடோமைடு ஆக்சின் மாதிரியே அதில் உட்கார்ந்து, அது முன்பு கண்டுகொள்ளாத புரதங்களை அதன் கண்ணில் படச் செய்கிறது. மையலோமா செல்லின் பிழைப்புக்கு வேண்டிய இக்காரஸ், ஐயோலஸ் புரதங்கள் அப்படித்தான் அழிகின்றன என்று 2014-இல் தெரிந்தது. கருவில் கைகால் உருவாகத் தேவையான சால்4 என்ற புரதமும் அதே வழியில் போகிறது என்று 2018-இல். நல்லதும் கெட்டதும் ஒரே வழிமுறை, அழியும் புரதம் மட்டும் வேறு. எலிகளில் இந்தப் பாதிப்பு தெரியாமல் போனதற்கும் விளக்கம் கிடைத்தது. எலியின் செரிப்ளானில் முக்கியமான ஓரிடத்தில் ஓர் அமினோ அமிலம் வேறு, எலியின் சால்4-இலும் ஒட்டவேண்டிய இடம் வேறு. மருந்து எலியில் அந்தப் புரதத்தைத் தொடவே இல்லை.

மையலோமாவுக்கு இன்னொரு மருந்தான போர்டெசோமிப் நேரெதிர் திசையிலிருந்து வருகிறது. 2003-இல் அனுமதி பெற்ற அது புரோட்டியாசோமையே அடைத்துவிடுகிறது. ஓயாமல் ஆன்டிபாடி தயாரிக்கும் அந்தப் புற்றுச் செல்லில் சரியாக மடங்காத புரதமும் ஏராளம். வெளியேறும் வழியை அடைத்தால் முதலில் மூச்சுமுட்டுவது அதற்குத்தான்.

யுபிக்விட்டினுக்குப் பங்காளிகள் பலர். நெட்8, இ3-களில் பெரியதொரு குடும்பத்தை முடுக்கிவிடும். ஐஎஸ்ஜி15, வைரஸ் தாக்கும்போது இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தின் சொல்படி ஒட்டும். கொரோனா வைரஸிடம் அதைக் கழற்றுவதற்கென்றே ஒரு நொதி உண்டு. சூமோவைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லவேண்டும். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்செனிக் கேட்கிறது என்பது 1970-களில் சீனாவின் ஹார்பின் நகரத்து மருத்துவர்களுக்குத் தெரியும், நாட்டு மருந்தில் இருந்த பாஷாணம் அது. இந்த நோயில் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொண்டு ஒரு கலப்புப் புரதம் உருவாகிறது. ஆர்செனிக் அந்தப் புரதத்தில் போய் உட்கார்ந்ததும் அதன்மேல் சூமோ சங்கிலி ஒட்டுகிறது. சூமோவை மட்டுமே தேடி வரும் ஓர் இ3 அதைப் பார்த்து யுபிக்விட்டினை ஒட்டுகிறது. அப்புறம் புரோட்டியாசோம். 2008-இல்தான் இந்த வரிசை முழுதாகத் தெரிந்தது. இன்றைக்கு வைட்டமின் ஏ வகை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால், ஆபத்துக் குறைந்த பிரிவு நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

தாலிடோமைடு தற்செயலாகச் செய்ததை வேண்டுமென்றே செய்ய முடியுமா என்ற கேள்விதான் இப்போது மருந்துத் துறையில் பெரிய போட்டி. 2001-இல் கிரெய்க் குரூசும் ரேமண்ட் டெஷேசும் இரண்டு தலை உள்ள மூலக்கூறு ஒன்றைச் செய்தார்கள், ஒரு தலை இ3-ஐப் பிடிக்கும், இன்னொரு தலை நாம் ஒழிக்க நினைக்கும் புரதத்தைப் பிடிக்கும். புரோடாக் என்று பெயர். வழக்கமான மருந்து ஒரு புரதத்தின் வேலை செய்யும் குழியை அடைக்கவேண்டும், அதனால் குழியே இல்லாத புரதங்களை அது எதுவும் செய்ய முடியாது. புரோடாக்குக்கு எங்கேயாவது ஒட்ட இடம் கிடைத்தால் போதும், மீதியைச் செல் பார்த்துக்கொள்ளும். ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போகும் என்பதால் சிறிய அளவே போதும் என்பது இன்னொரு வசதி.

ஆனால் அறுநூறு இ3 இருந்தும், இப்படிச் சோதனையில் உள்ள மூலக்கூறுகளில் பெரும்பாலானவை பிடிப்பது இரண்டே இரண்டைத்தான்: செரிப்ளானும், ஆக்சிஜன் குறைவை உணரும் பாதையில் உள்ள விஹெச்எல்லும். மற்றவற்றைப் பிடிக்கும் நல்ல மூலக்கூறுகள் அதிகம் இல்லை. இரண்டும் உடம்பில் கிட்டத்தட்ட எல்லாத் திசுவிலும் இருப்பவை, அதனால் மருந்தைக் கட்டியில் மட்டும் வேலை செய்யவைப்பது கஷ்டம். போதாக்குறைக்கு, தாலிடோமைடு வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போன மையலோமா நோயாளிகள் சிலரின் புற்றுச் செல்களைப் பார்த்தால், செரிப்ளான் மரபணு திரிந்தோ அளவு குறைந்தோ இருக்கிறது. செரிப்ளான் போனாலும் அந்தச் செல் பிழைத்துக்கொள்கிறது. எனவே, கட்டி எதைக் கைவிட்டால் தானும் செத்துப்போகுமோ அப்படிப்பட்ட இ3 எது, ஒரு குறிப்பிட்ட திசுவில் மட்டும் இருக்கும் இ3 எது என்று மிச்சம் உள்ள அறுநூற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.